புகுத்திய மரபணு விழிக்கும் வேளை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் பரந்து கிடக்கும் தொழிற்பேட்டைகளுள் ஒன்றாகிய பிள்ளைப்பாக்கத்தில், ஒருபுறம் ஏரியும் மறுபுறம் சிப்காட் வளாகத்தின் நீண்ட கொட்டகைகளுமாக, இரண்டு யுகங்கள் அருகருகே நிற்கின்றன. அக்கொட்டகைகளுள் ஒன்றில் ஒரு விசித்திரமான நியமம் நிலவுவதாகக் கற்பனை செய்துகொள்வோம்: தொழிற்சாலை முழுவதற்கும் உரிய வரைபடங்கள் யாவும், ஒன்று விடாமல், ஒவ்வொரு தொழிலாளியின் மேஜையிலும் வைக்கப்பட்டிருக்கின்றன, ஆயினும் பற்றவைப்பவர் பற்றவைப்புக்குரிய பக்கத்தையும், வர்ணம் தீட்டுபவர் வர்ணத்துக்குரிய பக்கத்தையும், அதுவும் வேலை தம் முன் வந்து நிற்கும் நேரத்தில் மட்டுமே திறந்து பார்க்கின்றனர். தாவரத்தின் உயிரணு ஒவ்வொன்றும் இத்தகைய நியமத்தின்படியே இயங்குகிறது. மண்ணுக்கடியில் இருளில் கிடக்கும் வேர் நுனியின் உயிரணுவிலும் பூவிதழுக்கு நிறமூட்டும் மரபணு இருக்கிறது. இலையின் உயிரணுவிலும் விதைக்குள் எண்ணெய் சேர்க்கும் மரபணு இருக்கிறது. ஆனால் அவை அங்கே உறங்குகின்றன. எந்த மரபணு எந்த உறுப்பில், எந்தப் பருவத்தில், எவ்வளவு காலம் விழித்திருக்க வேண்டும் என்னும் நிர்வாகம் தவறினால், மரபணுக்கள் அத்தனையும் பழுதின்றி இருந்தும் செடி செடியாக இராது.

இந்த நிர்வாகத்தின் சூட்சுமத்தை முதன்முதலில் தெளிவாக விளக்கியவர்கள் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பணிபுரிந்த பிரான்சுவா ழாகோப், ழாக் மோனோ என்னும் இருவர். குடலில் வாழும் ஈ. கோலி பாக்டீரியா, பால் சர்க்கரை கிடைக்கும்போது அதைச் சிதைக்கும் நொதியை உண்டாக்குவதும், கிடைக்காதபோது அவ்வேலையை நிறுத்திவிடுவதும் எவ்வாறு என்று ஆராய்ந்த அவர்கள், மரபணுவின் முகப்பில் தடைப்பொருள் ஒன்று அமர்ந்து வாசிப்பை மறிக்கிறது என்றும், சர்க்கரை வந்தவுடன் அத்தடை விலகுகிறது என்றும் 1961ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். 1965இல் அவர்களுக்கும் அவர்களுடைய சகாவான ஆந்த்ரே லுவோஃபுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தாவரங்களில் இந்த ஏற்பாடு இன்னும் சிக்கலானது என்றாலும் அடிப்படை ஒன்றே. ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால், புரதம் எதையும் தான் ஆக்காத, ஆனால் வாசிப்பு தொடங்கும் இடத்தையும் வேளையையும் நிர்ணயிக்கிற ஒரு டி.என்.ஏ. துண்டு இருக்கிறது, புரோமோட்டர் என்றும் ஊக்குவிப்பான் என்றும் வழங்குவது இதுவே.

வேறோர் உயிரினத்தின் மரபணுவைப் பயிருக்குள் புகுத்தும் வித்தை கைவந்தபோது, விஞ்ஞானிகளுக்கு முதலில் எதிர்ப்பட்ட தடையும் இங்கேதான் இருந்தது. பாக்டீரியாவின் மரபணுவை அதன் சொந்த ஊக்குவிப்பானோடு செடிக்குள் வைத்தால் செடி அதை வாசிப்பதில்லை. ஆகவே செடி மதிக்கக்கூடிய ஓர் ஊக்குவிப்பானை அதன் தலைமாட்டில் ஒட்டவேண்டியிருந்தது. காலிஃபிளவர் செடியைத் தாக்கும் ஒரு வைரஸ், தான் தாக்கும் செடியின் உயிரணுக்களைத் தன் பணிக்கு வசப்படுத்தும் பொருட்டு, 35எஸ் எனப்படும் மிகப் பலமான ஊக்குவிப்பான் ஒன்றை வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் பிறந்து நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நாம்-ஹாய் சுவாவின் ஆய்வுக்கூடம் 1985இல் இதன் அங்கங்களைப் பகுத்துக் காட்டியது. வேர், தண்டு, இலை, பூ என்ற பேதமின்றி, இரவு பகல் என்ற விவஸ்தையின்றி, எப்போதும் ஏவிக்கொண்டே இருக்கும் இந்த வைரஸ் துண்டு, அடுத்த பல ஆண்டுகளுக்கு உலகத்து மரபணு மாற்றுப் பயிர்களுள் பெரும்பாலானவற்றின் தலைவாயிலில் இடம் பெற்றது. எளிதாகக் கிடைத்தது, நிச்சயமாக வேலை செய்தது. அவசரத்தில் இருந்த விஞ்ஞானத்துக்கு அது போதுமானதாயிருந்தது.

இந்தியாவில் 2002ஆம் ஆண்டு மார்ச் மாதம் சாகுபடிக்கு அனுமதி பெற்ற பி.டி. பருத்தியின் கிரை1ஏசி மரபணுவும், சிறிது பலப்படுத்தப்பட்ட இதே 35எஸ்ஸின் ஆதிக்கத்தில் இயங்கியதுதான். மண் பாக்டீரியாவின் புரதமொன்று செடியின் ஒவ்வொரு பாகத்திலும் உண்டாகி, கடிக்க வரும் காய்ப்புழுவைக் கொல்லும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் நாகபுரியிலுள்ள மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் கே. ஆர். கிராந்தியும் அவருடைய சகாக்களும் செடியின் வயதையும் உறுப்பையும் பிரித்து அளந்து 2005இல் வெளியிட்ட ஆய்வு, வேறொரு சித்திரத்தைக் காட்டியது. புரதம் இலைகளில் மிகுதியாக இருந்தது. புழு உண்மையில் நாடிச்செல்லும் மொட்டிலும், பூவின் சூலகத்திலும், காயின் தோலிலும் குறைவாக இருந்தது. செடிக்கு வயதாக ஆக எங்குமே குறைந்துகொண்டு வந்து, விதைத்து ஏறக்குறைய 110 நாட்களான பின் புழுவை அடக்கும் அளவுக்குக் கீழே இறங்கிற்று. எப்போதும் எங்கும் இயங்கும் என்று பெயர் பெற்ற ஊக்குவிப்பானும், இயற்கையின் வயற்காட்டில் அவ்வாறு இயங்குவதில்லை. இலைக்குக் காவல் வைத்து, காயை ஏறக்குறையத் திறந்துவிட்ட இந்த ஏற்பாட்டைக் குறித்து நம் நாட்டில் நடந்த விவாதங்களில் பாக்டீரியாவின் மரபணு அடைந்த பிரசித்தியில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அதன் ஊக்குவிப்பான் அடையவில்லை என்பது வருந்தத்தக்கது.

இதற்கும் முன்னரே ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. 1990ஆம் ஆண்டு, ஜெர்மனியின் கோலோன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிலையத்தார், மக்காச்சோளத்தின் நிறமரபணு ஒன்றை 35எஸ்ஸோடு சேர்த்துப் பெட்டூனியா என்னும் அலங்காரச் செடியில் புகுத்தி, செங்கல் நிறத்தில் பூக்கும் ஏறக்குறைய 30,000 செடிகளைத் திறந்த வயலில் நட்டனர். பருவத்தின் தொடக்கத்தில் பூக்கள் எதிர்பார்த்த நிறத்திலேயே மலர்ந்தன. கோடை வெப்பம் ஏறியபின் அதே செடிகளில் வந்த பூக்களுள் பல வெளிறத் தொடங்கின. மரபணு காணாமற் போகவில்லை, அதன் எழுத்தும் மாறவில்லை. அதன் ஊக்குவிப்பானின் மீது மீத்தைல் தொகுதிகள் படிந்து, செடியே அதை மௌனமாக்கிவிட்டது. கண்ணாடி வீட்டில் கீழ்ப்படிந்த மரபணு, வெயிலில் கீழ்ப்படிய மறுத்தது.

ஓயாமல் விழித்திருக்கும் மரபணு செடிக்கு இழைக்கும் தீங்கு இன்னொரு வகையானது. இதை வறட்சியைப் பற்றிய ஆராய்ச்சி நன்கு புலப்படுத்துகிறது. குளிரையும் வறட்சியையும் எதிர்க்கும் தற்காப்பு மரபணுக்கள் பலவற்றை ஒரே சமயத்தில் எழுப்பிவிடும் தலைமைப் புரதம் ஒன்று, அராபிடாப்சிஸ் என்னும் சிறு கடுகுக் குடும்பத்துச் செடியில் இருக்கிறது. டிரெப்1ஏ என்பது அதன் பெயர். அதன் மரபணுவை 35எஸ்ஸோடு இணைத்து மீண்டும் அச்செடியிலேயே புகுத்திய ஜப்பானிய விஞ்ஞானிகள், செடி வறட்சியைத் தாங்கியதையும், அதே வேளையில் குள்ளமாகக் கூம்பிப் போனதையும் கண்டனர். நல்ல மழையிலும் பஞ்சத்துக்கு ஆயத்தமாக இருக்கும்படி செடியை நிர்ப்பந்தித்தால் அது வளர்வதற்குச் சக்தி எங்கிருந்து வரும்? 1999இல் அவர்களுள் காசுகாவும் ஷினோசாகி தம்பதியரும் அதே மரபணுவுக்கு, வறட்சி, குளிர், உப்பு போன்ற இடர் வரும்போது மட்டும் தானாகவே எழும் ஆர்.டி.29ஏ என்னும் ஊக்குவிப்பானைப் பொருத்தினர். செடி ஏறக்குறைய முழு வளர்ச்சியை எய்தியது, வறட்சியையும் குளிரையும் உப்பையும் முன்னிலும் நன்றாகவே தாங்கியது. மரபணு மாறவில்லை, எழுப்பும் விசை மட்டுமே மாறியது.

வட ஆற்காட்டுப் பக்கத்தார் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையிலும் இந்த இணைப்பே பரிசோதிக்கப்பட்டது. ஹைதராபாத்துக்கு அருகே பட்டாஞ்சேருவிலுள்ள இக்ரிசாட் நிலையத்தில், ஜே.எல்.24 என்ற நிலக்கடலை ரகத்தில் டிரெப்1ஏ மரபணுவை ஆர்.டி.29ஏ ஊக்குவிப்பானோடு புகுத்தி, நீர் குறைந்த நிலையில் அவை குடிக்கும் ஒவ்வொரு துளிக்கும் அதிகமான வளர்ச்சியைக் காட்டும் செடிகளைப் பெற்றதாக 2007இல் அறிவித்தனர். மழையை நம்பி மானாவாரியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் நம் மாவட்டங்களுக்கு இது அயலான விஷயமன்று. சென்னைத் தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், கடலோரத்து வெண்கண்டல் மரத்தின் மரபணுக்களை நெல்லுக்குக் கொண்டுவர முயன்ற பணியையும் இந்த வரிசையில் வைத்து எண்ணிப் பார்க்கலாம்: உப்பைத் தாங்கும் மரபணு எது என்று கண்டறிவது முதற்பாதி; அது உப்பு ஏறும் வயலில் எழுந்து, நன்னீர் வயலில் ஓய்ந்திருக்கச் செய்வது இரண்டாம் பாதி.

செடிக்கு வெளியே நின்று, மனிதன் தன் இஷ்டப்படி மரபணுவை எழுப்பவும் அடக்கவும் கூடுமா என்ற கேள்விக்கும் விடைகள் உண்டு. டெட்ராசைக்ளின் என்ற மருந்தை அளித்தால் விலகும் பாக்டீரியத் தடைப்புரதத்தைக் கிறிஸ்டியானே காட்ஸ் புகையிலைச் செடியில் இயங்கவைத்தார். ஸ்டீராய்டு ஹார்மோனுக்கு இசையும் விசைகளைச் சுவாவின் ஆய்வுக்கூடம் அமைத்தது. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையிடமிருந்து இரவல் வாங்கிய, சிறிதளவு எத்தனால் பட்டால் எழும் விசை 1998இல் வெளியாயிற்று. ஆராய்ச்சிக்கு இவை அரிய கருவிகள்: செடியின் ஆயுளில் விரும்பிய ஒரு நாளில் ஒரு மரபணுவை எழுப்பி, அதன் பலனை அறிய இவை உதவுகின்றன. உழவனுடைய நிலத்தில் ஆன்டிபயாடிக்கையோ ஸ்டீராய்டையோ தெளிக்கலாம் என்று புத்தியுள்ள எவரும் கூறார்.

ஆனால் விதையை நனைப்பதாக இருந்தால்? இந்த இடத்தில்தான் இத்துறை உலகத்தின் வெறுப்பைச் சம்பாதித்துக்கொண்டது. 1998ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், அமெரிக்க விவசாயத் துறையும் டெல்டா அண்ட் பைன் லாண்ட் என்னும் பருத்தி விதை நிறுவனமும் கூட்டாக ஒரு காப்புரிமை பெற்றன. தாவர மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தல் என்பதே அதன் சாதுவான தலைப்பு. விதை முற்றும் இறுதிக் கட்டத்தில் மட்டும் எழும் ஊக்குவிப்பானை அடுத்து ஒரு நச்சுப்புரத மரபணு வைக்கப்பட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு தடைத்துண்டு செருகப்படுகிறது. அந்தத் துண்டை வெட்டியெறியும் நொதியின் மரபணு ஒரு தடைப்புரதத்தால் அடக்கப்பட்டிருக்கிறது. விற்பதற்கு முன் விதையை டெட்ராசைக்ளினில் ஊறவைத்தால் அடக்கம் நீங்குகிறது, நொதி உண்டாகிறது, தடைத்துண்டு போகிறது. செடி வழக்கம்போல் வளர்ந்து, பூத்து, காய்த்து, விளைச்சலும் தருகிறது. அதன் பின் முற்றும் விதைகளின் கரு மட்டும் தன் நஞ்சாலேயே மாய்கிறது. உழவன் அடுத்த போகத்துக்கு விதையை எடுத்துவைக்க முடியாது. நுட்பம் என்ற அளவில் இதன் கட்டமைப்பை வியக்காதிருக்க இயலாது. நோக்கம் என்ற அளவில் இதை ஏற்கவும் இயலாது. டெர்மினேட்டர் என்று எதிர்ப்பாளர் சூட்டிய பெயரே நிலைத்தது. இது எங்கும் விற்பனைக்கு வரவில்லை. இந்தியாவோ 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தில் இத்தகைய தொழில்நுட்பம் கலந்த ரகத்தைப் பதிவு செய்யலாகாது என்று வெளிப்படையாகவே விதித்துவிட்டது.

ஆயினும் விசையை வைத்து ஓர் உயிரணுவை மாய்க்கும் அதே உபாயம், வேறொரு நோக்கத்தோடு, டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகத்தில் தீபக் பென்டலும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய கடுகுக்குள் நுழைந்திருக்கிறது. கடுகு நமக்குத் தாளிப்போடு முடிந்துவிடும் பொருள். ஒரகடத்தின் ஆலைகளை நாடி வந்திருக்கும் பீகாரத்தாருக்கும் ஒடிசாக்காரருக்கும் அது எண்ணெய். இப்போது இப்பக்கத்து மளிகைக் கடைகளில் நல்லெண்ணெய்க்கு அருகே கடுகெண்ணெய்ப் புட்டிகள் அடுக்கியிருப்பது அதனால்தான். தேசம் தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறபடியால், கடுகின் விளைச்சலை உயர்த்துவதில் அரசாங்கத்துக்கு உள்ள அக்கறை புரிந்துகொள்ளக் கூடியதே.

வேறுபட்ட இரண்டு குலங்களைக் கலந்தால் பிறக்கும் வீரிய ஒட்டு அதிகம் விளையும். ஆனால் கடுகுப் பூ தன் மகரந்தத்தாலேயே பெரும்பாலும் சூல் கொள்ளும் சுபாவமுடையது; ஒவ்வொரு பூவிலும் மகரந்தப்பையைக் கிள்ளியெறிவது மனிதரால் ஆகாத காரியம். பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்து நிறுவனமொன்றைச் சேர்ந்த செலஸ்டினா மரியானியும் கலிஃபோர்னியாவின் ராபர்ட் கோல்ட்பர்க்கும் பிறரும் 1990இல் இதற்கு வழி காட்டினர். பேசில்லஸ் அமைலோலிக்குவிஃபேஷியன்ஸ் என்ற மண் பாக்டீரியா, பார்னேஸ் என்னும் நொதியைச் சுரந்து ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கிறது, எந்த உயிரணுவுக்குள் அது உண்டானாலும் அந்த உயிரணு பிழைக்காது. புகையிலையின் டி.ஏ.29 என்னும் ஊக்குவிப்பானோ மகரந்தப்பையின் உட்புறத்தே மகரந்தத்துக்கு உணவூட்டும் டபீட்டம் என்னும் மெல்லிய அடுக்கில், பூவின் வளர்ச்சியில் ஒரு குறுகிய காலத்தில் மட்டுமே எழுவது. இரண்டையும் இணைத்தால் அந்த அடுக்கு மட்டும் மாய்கிறது. மகரந்தம் பசியால் அழிகிறது. செடியின் மற்ற பாகம் எதுவும் கெடாமல், பூ பெண்மையோடு மட்டும் நிற்கிறது. தன் நொதியால் தானே சாகாதிருக்கும் பொருட்டு அந்த பாக்டீரியா வைத்திருக்கும் மாற்றுப்புரதம் பார்ஸ்டார். அதை மறு பெற்றோரில் வைத்துவிட்டால், கலப்பில் பிறந்த பிள்ளைச் செடிகளில் பார்னேஸ் பிணிக்கப்பட்டு மகரந்தம் மீண்டும் உண்டாகிறது. இவ்வாறு வருணா என்ற இந்திய ரகத்தையும், கிழக்கு ஐரோப்பிய வம்சத்தைச் சேர்ந்த ஏர்லி ஹீரா-2 என்பதையும் இணைத்துப் பெற்றதே டி.எம்.எச்-11.

இவ்வளவு நுணுக்கமான விசையும் முதல் முயற்சியிலேயே ஒழுங்காக அமைந்துவிடவில்லை. பார்னேஸைப் பெற்ற செடிகளை அடையாளம் காண்பதற்காக, களைக்கொல்லியைத் தாங்கும் பார் என்னும் மரபணுவையும் அதன் பக்கத்திலேயே, 35எஸ்ஸின் ஆதிக்கத்தில் வைத்திருந்தனர். 35எஸ்ஸின் பலம் தன் எல்லையோடு நில்லாமல் அண்டை வீட்டின் விசையையும் அசைத்தது. மகரந்தப்பையில் மட்டும் எழவேண்டிய பார்னேஸ் பிற உறுப்புகளிலும் சிறிதளவு கசிந்து, செடிகளை ஊனப்படுத்தியது. பென்டலின் குழுவைச் சேர்ந்த ஜகந்நாத்தும் சகாக்களும் 2001இல் வெளியிட்ட தீர்வு எளிமையானது: இரண்டு மரபணுக்களுக்கும் நடுவே, எதையும் ஏவாத ஒரு நீண்ட டி.என்.ஏ. துண்டை இடைவெளியாகச் செருகினர். கசிவு நின்றது, ஆரோக்கியமான, மகரந்தமற்ற செடிகள் ஏராளமாகக் கிடைத்தன. இந்தியத் தாவர விஞ்ஞானத்தின் மெச்சத்தக்க காரியங்களுள் ஒன்றாக இதை நான் கருதுகிறேன். தினசரிகளின் கடுகுச் சர்ச்சைகளில் இதைப் பற்றி ஒரு வரி வந்ததாக நினைவில்லை.

சர்ச்சை அடங்காமல் நிற்பதோ பார்னேஸைப் பற்றியதைக் காட்டிலும் பார் மரபணுவைப் பற்றியதே. பார்னேஸ் தாங்கிய செடிகளைப் பெருக்கும்போது சந்ததியில் பாதி அதைப் பெறாமல் பிறக்கும். அவற்றைக் களைவதற்குக் குளுஃபோசினேட் என்ற களைக்கொல்லியைத் தெளிக்க வேண்டும். ஆகவே விதை உற்பத்திக்குப் பார் மரபணு அவசியம் என்பது ஆக்கியோர் வாதம். அது 35எஸ்ஸின் கீழ், இலையிலும் தண்டிலும், உழவனுடைய வயலிலும் விழித்தே இருக்கிறது. ஆகவே நாளை உழவனும் அக்களைக்கொல்லியைத் தெளிப்பான், களை பறித்து ஜீவிக்கும் பெண்களின் கூலி போகும் என்பது எதிர்ப்போர் வாதம். 2022 அக்டோபரில் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு இக்கடுகைச் சூழலில் வெளியிடப் பரிந்துரைத்தபோது, விதை உற்பத்திக்கன்றி உழவர் வயலில் களைக்கொல்லியைப் பயன்படுத்தலாகாது என்று நிபந்தனை விதித்தது. மரபணுவுக்கு வைக்கத் தவறிய விசையை, காகிதத்தில் எழுதிய நிபந்தனையால் ஈடுசெய்ய முயல்வதாகவே இதை மதிப்பிட வேண்டியிருக்கிறது. அந்த நிபந்தனையை ராஜஸ்தானத்தின் ஒவ்வொரு வயல் வரப்பிலும் நின்று காப்பவர் யார்? விதை உற்பத்தி நிலையத்தில் மட்டும் எழுப்பக்கூடிய ஊக்குவிப்பானைப் பார் மரபணுவுக்குப் பொருத்தியிருந்தால், இந்த வாதத்தில் பெரும்பகுதிக்கு இடமே இருந்திராது என்பது என் அபிப்பிராயம்.

2024ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பி.வி. நாகரத்னா இக்கடுகுக்குக் கிடைத்த அனுமதி செல்லாது என்றும், நீதிபதி சஞ்சய் கரோல் அது செல்லும் என்றும் மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தனர். மரபணு மாற்றுப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை ஒன்றை மத்திய அரசு வகுக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒருமித்தனர். அக்கொள்கை வகுக்கப்படும்போது, எந்த உயிரினத்தின் மரபணு என்று கேட்பதோடு நில்லாமல், அது செடியின் எந்த உறுப்பில், எந்த நாளில், எதனால் எழுகிறது, எழக்கூடாத இடத்தில் எழவில்லை என்பதை வெயிலிலும் மழையிலும் அளந்து பார்த்தவர் யார் என்ற கேள்விகளையும் அதில் சேர்க்கும்படி உழவர் சங்கங்களும் வாசகர்களும் வற்புறுத்த வேண்டும்.